நீலமா, சும்மாவா?

தெய்வானை மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் வலது கை தோள்வரை ஓர் எருமைக்குள் இருந்தது. சங்ககிரிக்கு வெளியே ஒரு தொழுவத்தில் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. எருமைக்குச் சொந்தக்காரர் அதை எடுத்து என் காதில் வைத்தார். மேடத்தின் மகன். "டாக்டர் சார், அம்மா விடியக்காலையில தவறிட்டாங்க" என்றார். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எருமை சினையாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவும்போதுதான் அழுகை வந்தது. எருமைக்காரர் பாவம், எருமைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துபோனார்.

முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மேடம் என்னோடு பேசியிருந்தார். உடம்பு எப்படி இருக்கிறதென்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. "டாக்டர், எடப்பாடிப் பக்கம் மழையா?" என்றார். மேகம் நிற்கிறது, இறங்கவில்லை என்றேன். இறங்கினால் ஈரம் காய்வதற்குள் புல்லுக்கு யூரியா தூவவேண்டும், காட்டுக்காரர் செல்லம்மாளிடம் சொல்லிவிடுங்கள் என்றார். முதலில் நீங்கள் மாத்திரையை ஒழுங்காக முழுங்குங்கள் என்று நான் சத்தம் போட்டேன். "நான் முழுங்கறது இருக்கட்டும், புல்லு எப்ப முழுங்கறது?" என்று சிரித்தார். அன்று ராத்திரி மழை கொட்டியது. காலையில் செல்லம்மாளுக்குப் போன் போடலாம் என்றிருந்தேன். அதற்குள் இந்தப் போன் வந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், தீவனப் புல் ஆராய்ச்சியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஆட்டையாம்பட்டியில் வீடு கட்டிக் குடியிருந்தவர். வீட்டில் குடியிருந்தார் என்பது பேச்சுக்குத்தான். காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் சங்ககிரி, எடப்பாடி என்று யாராவது ஒருவருடைய காட்டில் போய் நிற்பார். 'புல்லு மேடம்' என்றால் எந்த டீக்கடையிலும் வழி சொல்வார்கள். எனக்கு முன்கோபம், அவருக்குப் பிடிவாதம். எங்கள் இருவரையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிட்டவர்கள் அடுத்த முறை கூப்பிடுவதற்குமுன் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு விவசாயிகள் கூட்டத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். நம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில், அதாவது மாட்டுக்கென்று விட்ட மானாவாரி நிலத்தில், வெள்வேல மரம் நிற்கும், கீழே கொழுக்கட்டைப் புல் இருக்கும், சுற்றிலும் கிளுவை வேலி. அந்தக் காலம் போல இப்போது புல் வருவதில்லை, மரம்தான் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது, வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மேடம் எழுந்தார். "மரம் திருடன் இல்லைங்க, பங்காளி. பங்காளிகிட்டக் கணக்குப் பாத்துத்தான் இருக்கணும். அதுக்காக வீட்டை விட்டுத் துரத்திட முடியுமா?" என்றார். கூட்டத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பங்காளித் தகராறு இல்லாத வீடு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது. பிறகு பொறுமையாகச் சொன்னார். வருஷக்கணக்காகப் புல்லை அறுத்து எடுத்துக்கொண்டே இருக்கிறோம், மண்ணுக்குத் திரும்ப எதுவும் போடுவதில்லை, மண்ணில் தழைச்சத்து தீர்ந்துபோய்விட்டது, அதற்கு மரத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்றார். மழை ஈரத்தில் புல்லுக்குக் கொஞ்சம் யூரியா கொடுத்துப் பாருங்கள், மரமும் நிற்கட்டும், புல்லும் வரட்டும் என்றார்.

மேய்ச்சல் புல்லுக்கு யூரியாவா என்று நான் அங்கேயே சண்டைக்குப் போனேன். யூரியா மூட்டையை நக்கிச் செத்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்து, "டாக்டர், மூட்டையை நக்கற மாட்டுக்கும் புல்லு மேயற மாட்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் அவரே வந்து, சேலத்திலிருந்து வாங்கிவந்த தட்டுவடை செட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். கோபத்தோடு தட்டுவடை தின்ன முடியாது. ஒரு கடி கடித்தால் காரட்டும் சட்னியும் சட்டையில் ஒழுகும்.

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான் செல்லம்மாள். எடப்பாடிக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு மேய்ச்சல் காடு. கணவர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர், போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. மாடு, பால், காடு எல்லாம் செல்லம்மாள்தான். கணவரின் அண்ணனுக்கு, அதாவது செல்லம்மாளின் மச்சாண்டாருக்கு, அந்தக் காட்டின்மேல் ரொம்ப நாளாகக் கண். ரோட்டோரம் இருக்கிறது, மரத்தையெல்லாம் வெட்டித் தரையை மட்டம் செய்தால் லாரி நிறுத்த இடமாகும், புல்லே வராத காட்டைக் கட்டிக்கொண்டு எதற்கு அழுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் காட்டில் புல் வந்தால்தான் மாடு நிற்கும், மாடு நின்றால்தான் செல்லம்மாள் தன் காலில் நிற்க முடியும். அதனால் அவர் மேடத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டைக் காட்டினார். மேடமும் சுற்றிப் பார்த்து, எவ்வளவு போடவேண்டும் என்று கணக்குச் சொல்லி, "மரத்துக்கு நடுவுல இருக்கற புல்லுக்கு யூரியா வச்சிருங்க" என்றார்.

'வச்சிருங்க' என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் கெட்டது. மேடத்தின் பேச்சில் எந்தப் பயிருக்கு உரம் போட்டாலும் 'வைக்கிறது'தான். நம் பக்கத்தில் தென்னைக்கும் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் பாடுபட்ட கைக்கு, உரம் வைப்பதென்றால் தூரில் மண்ணைப் பறித்து வைத்து மூடுவது. நெல்லுக்கும் புல்லுக்கும் என்றால் தூவுவது, இறைப்பது என்று சொல்வார்கள். செல்லம்மாள் மேடம் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். ஒவ்வொரு வெள்வேல மரத்தையும் சுற்றி வட்டமாகப் பறித்து, காடு முழுவதற்கும் சொன்ன யூரியாவை மரத்தடிகளிலேயே வைத்து மூடிவிட்டார்.

மழை பெய்தது. பிறகு வெயிலே இல்லாமல் மூட்டமாகவே கிடந்தது. வெட்டவெளியில் புல் பழையபடி நோஞ்சானாக நிற்க, ஒவ்வொரு மரத்தடியிலும் கரும்பச்சையாய் வட்டம் வட்டமாகப் புல் எழுந்தது. அவ்வளவு நாள் காய்ந்த சோளத்தட்டைக் கடித்துக்கொண்டிருந்த மாடுகள். செல்லம்மாள் ஆசையாக அந்த மரத்தடிப் புல்லை அறுத்துக் கட்டுத்தரையில் போட்டார்.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பசு விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று தள்ளாடியபடி நின்றது. விழுந்த பசுவின் வாயைத் திறந்தேன். ஈறெல்லாம் பழுப்பு. ஊசி போட நரம்பில் குத்தினேன், ரத்தம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. யூரியாவிலிருந்து வந்து புல்லில் தேங்கிய நைட்ரேட் ரத்தத்தில் ஏறினால் இப்படித்தான் ஆகும். ரத்தம் ஓடும், ஆனால் அதில் உயிர்க்காற்றைச் சுமக்கத் தெம்பு இருக்காது. அதற்கு மாற்று, நீல நிறத்தில் ஒரு மருந்து. நான் அதைக் கலப்பதற்குள் விழுந்த பசு அடங்கிவிட்டது. நின்ற பசுவுக்கு ஏற்றினேன், பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் அது நீலமாக மூத்திரம் பெய்ததைப் பார்க்க அந்தத் தெருவே கூடிவிட்டது.

ஊர் பேசாமல் இருக்குமா? புல்லு மேடம் சொன்ன மருந்தைப் போட்டு மாடு செத்துப்போயிற்று என்று எடப்பாடிவரை போய்விட்டது. செல்லம்மாளின் மச்சாண்டார் மரம் வெட்டுகிறவர்களோடு பேசியே முடித்துவிட்டார். நானும் கொதித்துப்போய் மேடத்தைப் போனில் கூப்பிட்டு, நாலு நாளைக்கு இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள், வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள் என்றேன். மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டர் அந்த வாசலில் வந்து நின்றது.

அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன். வாசலில் ஊர் ஆண்கள் பலர் நின்றார்கள். செல்லம்மாள் செத்த பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் ஏதாவது பூசி மெழுகலாம் என்று தொண்டையைச் செருமினேன். மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "செல்லம்மா ஒரு தப்பும் பண்ணலை. வச்சிருங்கன்னு நான்தான் சொன்னேன், அவங்க வச்சாங்க. தூவுங்கன்னு சொல்லியிருக்கணும். நிழல்ல அளவு பாதியாக் குறைக்கணும்னும் சொல்லலை. மாடு செத்தது என் வாயால" என்றார். பிறகு செல்லம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊருக்குப் படித்தவர்கள் வந்து போவார்கள், தப்பு என்னுடையது என்று வாசலில் உட்கார்ந்து சொன்னவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் பெரிய வேடிக்கை. மரத்தை வெட்டாதீர்கள், எனக்கு இன்னும் ஒரே ஒரு மழை கொடுங்கள் என்றார். மச்சாண்டார் எகிறினார். மேடம் அவரைப் பார்க்கவே இல்லை, செல்லம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லம்மாள் கயிற்றைக் கீழே வைத்தார். "ஒரு மழைதானுங்க" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் என்னிடம், நிழலில் நிற்கும் புல் எதனால் இப்படி விஷமாகிறது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும் சொல்லத்தான் போகிறார். "வாயில வாங்கின சோத்தை முழுங்காம அதக்கிட்டு இருக்கற குழந்தை மாதிரி, டாக்டர். நைட்ரேட் உப்பை வேரால வாங்கிக்கும். வெயில் பட்டாத்தான் அதைப் புரதமா மாத்தும். மூட்டத்துல, மரத்தடியில அப்படியே தண்டுல தேக்கிக்கும்." அப்படியானால் எப்போது அறுக்கலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். "அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றார். இப்படித்தான் அவர் தலையில் வேலையைக் கட்டுவார்.

எங்களிடம் ஒரு சோதனை உண்டு. அமிலத்தில் கரைத்த ஒரு மருந்து, சின்னக் கண்ணாடிச் சீசாவில் இருக்கும். புல் தண்டை அடிக்கணுப் பக்கம் நீளவாக்கில் கீறி ஒரு சொட்டு விட்டால், நைட்ரேட் தேங்கியிருக்கும் தண்டு நீலமாக மாறும். இல்லாவிட்டால் நிறம் மாறாமல் சும்மா இருக்கும். அடுத்த மழைக்கு மேடம் செல்லம்மாளோடு காட்டில் இறங்கி, யூரியாவை மணலோடு கலந்து, வெட்டவெளியில் ஒரு வீச்சு, மரநிழலில் அரை வீச்சு என்று தன் கையால் தூவிக் காட்டினார். புல் முழங்கால் உயரம் வந்ததும் என்னை வரச்சொன்னார். மரத்தடித் தண்டில் சொட்டு விட்டேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீலமா, சும்மாவா?" என்றார். நீலம் என்றேன். அறுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல வெயில் அடித்தபிறகு திரும்பவும் வரச்சொல்லி, திரும்பவும் அதே கேள்வி. அன்றைக்குச் சும்மா. செல்லம்மாள் அரிவாளை எடுத்தார். மாடுகள் அந்தப் புல்லைத் தின்று அசைபோடுவதை நாங்கள் மூவரும் கட்டுத்தரையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மேடம் பையிலிருந்து தட்டுவடையை எடுத்தார்.

அந்த ஒரு மழை பல மழையானது. காடு நின்றது, மரமும் நின்றது. அவர் அதோடு விட்டாரா? அக்கம்பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் போனார். "உங்களுக்கு நேரம் கிடைக்கறப்ப இல்லைங்க, புல்லுக்குப் பசிக்கறப்பக் குடுக்கணும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். காய்ந்த மண்ணில் போட்டால் காற்றுதான் தின்னும் என்பார். 'வை' என்ற சொல்லை மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. டம்ளரைக் கீழே வையுங்கள் என்பதற்குக்கூட "அப்படி ஓரமாப் போடுங்க" என்பார். நான் கேலி செய்வேன். சிரிக்கமாட்டார்.

செய்தி வந்த அன்று மத்தியானம் ஆட்டையாம்பட்டியில் அவரைக் கிடத்தியிருந்தபோது, எங்கெங்கிருந்தோ மாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அகத்திக் கட்டோடு ஒருவர் வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் செல்லம்மாளைத் தேடினேன். காணோம். அவருடைய மச்சாண்டார் வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "இனி இதையெல்லாம் ஆருங்க பாக்கறது? செல்லம்மாளே ஓஞ்சு போயிருச்சுங்க. அந்தக் காட்ட லாரிக்கே உட்றலாம்னு இருக்கறோம்" என்றார். சாவு வீடு என்றும் பார்க்காமல் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதைவிட, செல்லம்மாள் வராததுதான் வலித்தது. எடுக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. யாருக்காக மேடம் ஊர் முன்னால் தரையில் உட்கார்ந்தாரோ, அந்த மனுஷி கடைசியாக முகம் பார்க்கக்கூட வரவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. நான் அழைத்துச் சொல்லாவிட்டாலும் செய்தி போயிருக்கும், ஊரே வந்திருக்கிறதே.

சுடுகாட்டிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராக எடப்பாடி ரோட்டில் வண்டியை விட்டேன். என்ன என்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கிளுவை வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், செல்லம்மாள் சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் அன்னக்கூடையை அணைத்துக்கொண்டு யூரியா தூவிக்கொண்டிருந்தார். வெட்டவெளியில் ஒரு வீச்சு, மரநிழலில் அரை வீச்சு. காடு முக்கால்வாசி முடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார். எடுத்தாயிற்று என்றேன். வழியில் அடுக்கிவந்ததை நான் எடுப்பதற்குள் அவரே சொன்னார்.

"வரோணும்னுதான் சேலைகூட மாத்துனேனுங்க. நைட்டு பேஞ்ச ஈரம், சாயந்தரத்துக்குள்ள காஞ்சு போயிருமுங்க. ஈரத்த உட்டுப்போட்டு இங்க எதுக்கு வந்தீங்கன்னு மேடம் படுத்த வாக்குலயே என்னைய ஏசியிருக்குமுங்க."

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். இந்த முறை எருமைக்காரர் யாரும் இல்லை. பிறகு, காட்டை லாரிக்கு விடப்போவதாக உன் மச்சாண்டார் சொல்கிறாரே அம்மிணி என்று கேட்டேன். "அவரு சொல்லுவாருங்க" என்றார். படல் பக்கம் இருந்த வாளியைக் காட்டி, "அதுல மணலு கலந்து வெச்சிருக்கறனுங்க. நீங்க அந்தக் கடைசி வரிசையத் தூவீருங்க, இருட்டறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். சாவுக்குப் போய்வந்து குளிக்காத கையால் நான் அன்றைக்கு யூரியா தூவினேன். நிழலில் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டதென்று செல்லம்மாளிடம் திட்டும் வாங்கினேன்.

போன வாரம் புல் முழங்காலுக்கு வந்துவிட்டதென்று போன் வந்தது. சீசாவை எடுத்துக்கொண்டு போனேன். சோளத்தட்டு தீர்ந்துவிட்டிருந்தது. கட்டுத்தரையில் மாடுகள் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. வேலிக்கு அந்தப்பக்கம் மச்சாண்டாரும் நின்றுகொண்டிருந்தார். வானம் மூடிக் கிடந்தது. மரத்தடியில் குனிந்து, ஒரு தண்டைப் பிடுங்கி, அடிக்கணுவைக் கீறி, சொட்டு விட்டேன். மேடம் எனக்கு ஒரு பொருளையும் விட்டுப்போகவில்லை. இந்தத் தண்டைக் கீறுகிற வேலையையும், அதற்குப் பிறகு வருகிற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிற வேலையையும்தான் விட்டுப்போயிருக்கிறார். கண் தெரிகிறவரை, கை நடுங்காதவரை அதை நான் செய்வேன்.

"நீலமுங்களா, சும்மாவுங்களா?"

செல்லம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். நான் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம் என்றேன்.

மாடுகள் கத்திக்கொண்டேதான் இருந்தன. செல்லம்மாள் அரிவாளை வெள்வேல மரத்துக் கவையில் மாட்டிவிட்டு, வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவரைக் கூப்பிட்டு, "மச்சாண்டாரே, நாலு கட்டுச் சோளத்தட்டு இருந்தாக் குடுங்க. வெயிலடிச்சதும் புல்லாத் திருப்பித் தாரேன்" என்றார்.